அணைக்குக் கீழே ஒரு வீடு வாங்கினேன்

அந்தச் சுவர் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஏழு மாதம் பிடித்தது. என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே, ஆற்றுக்குக் குறுக்கே நிற்கிறது அது. இந்தச் சின்ன ஊரின் நகராட்சி அந்தக் காலத்தில் சொந்தமாக மின்சாரம் எடுக்கக் கட்டிய அணை. வீடு வாங்குவதற்கு முன்பே அதைப் போய்ப் பார்த்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. பார்த்தேன், போட்டோ எடுத்தேன், வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். என் அப்பா திருச்சிப் பக்கம் பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மதகுச் சாவி தொங்கும் வீட்டில் வளர்ந்த எனக்கே, இந்த அணையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஊர் பெயரையும் நகராட்சி பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து மலைப்பக்கமாக ஒரு மணி நேர ஓட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2014இல் வேலைக்காக டர்பன் வந்தவன் நான். மனைவி இங்கேயே பிறந்தவள், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. மாமனாருக்குத் தேவாரம் மனப்பாடம், ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. 2021 ஜூலை கலவரத்தின்போது எங்கள் தெருமுனையில் டயர் எரிந்ததைப் பார்த்த பிறகு மனைவிக்கு டர்பனே வேண்டாம் என்றாகிவிட்டது. நவம்பரில் இந்த வீட்டை 11 லட்சத்து 40 ஆயிரம் ராண்டுக்கு வாங்கினோம். பின்பக்கம் ஆறு, புல்வெளி, கொய்யா மரம். ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று ஒரு சொல் இருந்தது. ஆப்பிரிக்கான்ஸ் சொல். உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறாய், பின்னால் குறை சொல்லக் கூடாது என்று பொருள். விற்பவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் அவரைப் பிடிக்க முடியும். நிரூபிப்பது லேசில்லை. 2022 பிப்ரவரி 1 முதல், விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத்தான் ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. நான் இரண்டரை மாதம் முந்திவிட்டேன். இப்போது வாங்குகிறவர்களே, விற்பவர் அந்தப் படிவத்தை நிரப்பினால் போதும் என்று விடாதீர்கள். "இந்த மனைக்குள் எப்போதாவது தண்ணீர் வந்ததா, எந்த வருடம், எவ்வளவு உயரம்" என்று தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

தென்னாப்பிரிக்காவில் ஊர்கள் தாமே மின்சாரம் எடுத்த காலம் ஒன்று உண்டு. கேப் டவுன் நகராட்சியே 1895இல் மோல்டினோ நீர்த்தேக்கத்தை ஒட்டி மின்நிலையம் நடத்தியது. நாடு முழுக்க மின்சாரம் தரும் அரசு நிறுவனமான எஸ்காம் பிறந்தது 1923இல்தான். அதன் கம்பிகள் வந்து சேரும்வரை சின்ன ஊர்கள் நிலக்கரியையோ பக்கத்து ஆற்றையோதான் நம்பியிருந்தன. எங்கள் ஊர் ஆற்றை நம்பியது. கல் கட்டடச் சுவர் 13 மீட்டர் உயரம், அதன் இடது தோளில் நீளமாக ஒரு மண்கரை, கீழே இரண்டு டர்பைன் வைத்த ஒரு செங்கல் வீடு. எஸ்காம் இணைப்பு வந்ததும் டர்பைன்களை நிறுத்திவிட்டார்கள். இரும்பை யாரோ கழற்றி விற்றும்விட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. தெரிந்தபோது உறைத்த விஷயம் ஒன்று: மின்சாரம் எடுத்தவரை அணைக்கு ஆள் இருந்தது. தினமும் ஒருவர் வந்து சல்லடையில் சிக்கிய குப்பையை வாரினார், வால்வைத் திருகிப் பார்த்தார், மட்டத்தை நோட்டில் எழுதினார். டர்பைன் நின்ற அன்று அவருக்கு வேலை போயிற்று. சுவரும் அதன் பின்னாலிருந்த தண்ணீரும் அங்கேயே இருந்தன.

2022 ஏப்ரல் 11, திங்கட்கிழமை. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் அந்த இரண்டு நாள் மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். கடலோரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஆறு புல்வெளி வரை வந்திருந்தது, ஆனால் மெதுவாக ஏறியது. கொய்யா மரத்தில் டார்ச் அடித்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண். காலைக்குள் படி ஏறாது என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அணை போகுது, கிளம்பு" என்றார். அவருக்கு யார் சொன்னது என்றால், மேலே பண்ணையில் வேலை செய்யும் ஒருவர் போன் செய்திருக்கிறார். நகராட்சியிடமிருந்து ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. நான் முட்டாள்தனமாக இன்வெர்ட்டர் பேட்டரியைக் கட்டில்மேல் தூக்கி வைக்கப் போனேன். லோட் ஷெட்டிங் காலத்தில் அதுதான் வீட்டின் தங்கம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் தண்ணீர் வந்தது. கொய்யா மரத்துக் கணக்கெல்லாம் பொய்யானது. முழங்காலுக்கு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடைக்கு ஏறியது. ஃபிரிட்ஜ் மிதந்து போய்ச் சமையலறைக் கதவுக்குக் குறுக்கே படுத்துவிட்டது. அவ்வளவு கனமான பொருள் மிதக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கதவைத் திறக்க முடியாமல், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னறை ஜன்னல் வழியாக இறங்கினோம்.

ஒன்றே ஒன்று சரியாகச் செய்தோம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் புண்ணியத்தில். நான் காரை எடுத்து ஊருக்குப் போகும் சாலையில் ஓட்டப் பார்த்தேன். அந்தச் சாலை ஆற்றோடு சேர்ந்தே போகிறது. அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கவாட்டில் மேட்டின்மேல் இருக்கும் தேவாலயத்துக்கு ஏற வைத்தார். அணைத் தண்ணீர் பள்ளத்தாக்கின் போக்கில்தான் வரும். அதே போக்கில் காரில் ஓடினால் அது துரத்தும். அரை மீட்டர் ஆழத்தில் ஓடும் தண்ணீரே காரைத் தூக்கப் போதும். நடந்து ஐந்து நிமிடத்தில் எட்டக்கூடிய மேடு எது என்று பகலிலேயே ஒரு தடவை ஏறிப் பார்த்து வையுங்கள். இருட்டில், மழையில், குழந்தையோடு அந்த ஐந்து நிமிடம் இருபது ஆகிறது.

அணை உடையவில்லை. விடிந்து பார்த்தால் சுவர் அப்படியே நின்றது. எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்குள் தண்ணீர், உயிர்ச்சேதம் இல்லை. ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மாமனார் வீட்டில், குழாயில் தண்ணீர் வராமல், வாளியில் பிடித்த மழைநீரில் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். மாமா அன்றுதான் 1917 வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். உம்ஙேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்த நம் ஜனங்கள் நூற்றுக்கணக்கில் அடித்துச் செல்லப்பட்டார்கள். படவட்டன் அறுவர் என்று இங்கே சொல்லும் மீனவர்கள் படகோடு திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரையேற்றினார்கள். "தாத்தாவும் ஆற்றங்கரையில்தான் வீடு போட்டார், நீயும் ஆற்றங்கரையில்தான் போட்டிருக்கிறாய்" என்றார் ஆங்கிலத்தில். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

நஷ்டக் கணக்கு இது: மரச் சாமான், தரைப்பலகை, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், கார், கோயம்புத்தூரிலிருந்து சுமந்து வந்த கிரைண்டர் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 86 ஆயிரம் ராண்ட். காப்பீட்டில் கைக்கு வந்தது 94 ஆயிரம், அதுவும் பதினான்கு மாதம் கழித்து. பின்பக்க அறை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லை என்று சொல்லி அந்த அறையில் இருந்ததை எல்லாம் கழித்துவிட்டார்கள். அந்த அறையைக் கட்டியது முந்தைய சொந்தக்காரர். வீடு வாங்கும்போது நகராட்சி முத்திரை உள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்கி, டேப்பைப் பிடித்து அறை அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். கோரிக்கையை நிராகரித்தால் ஆட்சேபம் எழுத 90 நாள் தருகிறார்கள், அந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுதிவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். 2024 மார்ச்சிலிருந்து அது தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்போடு சேர்ந்துவிட்டது. வக்கீலுக்கு முதல் சந்திப்பிலேயே 2,500 ராண்ட் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் இந்த இலவச வழி எனக்குத் தெரிந்தது.

சரி, அணைக்கு வருகிறேன். உடையாத அணையிலிருந்து அவ்வளவு தண்ணீர் எப்படி ஒரே மூச்சில் வந்தது? போனில் அப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். வெள்ளத்துக்கு முன் நான் ஸ்டேட்டஸ் வைத்த அதே படம். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கலிங்கு மேல பலகை அடுக்கியிருக்காங்களேடா, யாரு போட்டது? பலகை போட்டா மழைக்கு முன்னாடி எடுக்க ஆள் வேணும்ல?" என்றார். கலிங்கு என்றால் ஏரி நிறைந்ததும் உபரிநீர் வழியும் இடம்; நம்மூர் ஏரிக் கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழை முடிகிற சமயத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். பெருமழை வருமென்றால் முதல் வேலை அதைப் பிடுங்குவது. அதே வித்தைதான் இங்கேயும். உபரிநீர் போகும் வழியில், டர்பைனுக்குக் கூடுதல் உயரம் கிடைக்க ஒரு மீட்டருக்கு மரப்பலகை அடுக்கியிருக்கிறார்கள். டர்பைன் போய் எத்தனையோ வருடமாகியும் பலகை போகவில்லை. தண்ணீர் நிறைய நிற்பதால் மீன்பிடிக்க வருகிறவர்களுக்கும் சந்தோஷம். அன்று இரவு ஆகாயத்தாமரையும் மரக்கிளையும் பலகைமேல் வந்து மோதி அடைத்து, மட்டம் ஏறி, கடைசியில் எல்லாப் பலகையும் ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு போயிருக்கின்றன. அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. போகாமல் நின்றிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் மண்கரை மேல் ஏறி வழிந்திருக்கும். கல்சுவர் தலைமேல் தண்ணீர் வழிந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும், மண்கரையை அது சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் ஒன்பது போனபோது, யார் பொறுப்பு என்று கேட்க எங்களுக்கு ஓர் அலுவலகமாவது இருந்தது. இங்கே நான் கேட்கப் போன கதை தனி. நகராட்சித் தண்ணீர்ப் பிரிவு "அது மின்சாரப் பிரிவுடையது" என்றது. மின்சாரப் பிரிவு "நாங்கள் உற்பத்தியே செய்வதில்லை, பூங்காப் பிரிவைக் கேளுங்கள்" என்றது. பூங்காப் பிரிவு, மீன்பிடிக் குழுவுக்குக் குத்தகை விட்டிருக்கிறோம் என்றது. இந்த மாகாணத்தில் பெரும்பாலும் குடிநீர்ப் பொறுப்பு மாவட்ட நகராட்சியிடம் இருக்கிறது, அதனால் அங்கேயும் ஒரு தடவை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் அரைநாள் விடுப்பு. மொத்தம் ஒன்பது அரைநாள்.

கதவு திறந்தது ஓர் எக்செல் கோப்பில். நீர்வளத் துறை நாட்டின் பதிவு பெற்ற அணைகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 1998 தேசிய நீர்ச் சட்டப்படி 5 மீட்டருக்கு மேல் உயரமும் 50,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும் உள்ள அணை "பாதுகாப்பு அபாயமுள்ள அணை". அதைச் சொந்தக்காரர் பதிவு செய்தே ஆகவேண்டும். ஆற்றின் பெயரை வைத்துத் தேடினேன், இருந்தது. சொந்தக்காரர் என்ற கட்டத்தில் பழைய நகர சபையின் பெயர். 2000 டிசம்பர் தேர்தலோடு நாடெங்கும் பழைய சபைகளைக் கலைத்துப் புது நகராட்சிகளாகச் சேர்த்தார்களே, அதில் காணாமல் போன சபை அது. புதுச் சொந்தக்காரர் உடனே துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்கள் அணை விஷயத்தில் யாரும் தெரிவிக்கவில்லை. இல்லாத ஒருவர் பெயரில் இருபத்திரண்டு வருடம் ஓர் அணை நின்றிருக்கிறது.

அந்தப் பட்டியலில் நான் தவறாகப் படித்த கட்டம் ஒன்று உண்டு, நீங்களும் தவறாகப் படிப்பீர்கள். "அபாய நிலை: குறைவு" என்று போட்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. அது அணை உடையும் வாய்ப்பைச் சொல்லும் கட்டம் அல்ல. உடைந்தால் கீழே என்ன சேதம் என்பதைச் சொல்வது. குறைவு என்றால் உயிர்ச்சேதம் இராது, அதிகம் என்றால் பத்துப் பேருக்கு மேல் இறக்கலாம். அந்தக் கட்டத்தை நிரப்பிய நாளில் கீழே மாட்டுப்பட்டிதான் இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவும் அதற்கடுத்த தெருவும் அதன் கணக்கில் இல்லை. 12 முதல் 30 மீட்டர் வரை நடுத்தர அணை, அபாயம் குறைவு என்பதால் இரண்டாம் வகை. அபாயம் அதிகம் என்று திருத்தினால் மூன்றாம் வகை ஆகிவிடும், கெடுபிடியும் செலவும் கூடும். திருத்தாமல் இருப்பதில் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே மாதிரி இன்னொரு கண்கட்டு, வெள்ளக் கோடு. புதிதாக மனை பிரிக்கும்போது நூறாண்டில் ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை ஏறும் என்ற கோட்டை வரைபடத்தில் காட்ட வேண்டும், நீர்ச் சட்டத்தின் 144ஆம் பிரிவு. எங்கள் மனைகள் அதற்கு வெகுகாலம் முன்பே பிரித்தவை, கோடு கிடையாது. கோடு இருந்தாலும் அது மழை வெள்ளத்துக்கான கோடுதான். அணை உடைந்து வரும் தண்ணீர் அந்தக் கோட்டை மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நம்மூர் தகவல் உரிமைச் சட்டம் மாதிரி இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சுருக்கமாகப் பாயா என்கிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் ஆட்டுக்கால்தான் ஞாபகம் வரும். அதன் படிவத்தில் மூன்று கேள்வி கேட்டேன்: கடைசிப் பாதுகாப்புப் பரிசோதனை அறிக்கை, அதில் சொன்ன வேலைகளில் முடிந்தவை எவை, அவசரகாலத் திட்டத்தின் நகல். பதில் தர 30 நாள். வரவில்லை. வராவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம், 60 நாளுக்குள் உள் மேல்முறையீடு செய்யலாம். நான் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தேன்: மேல்முறையீடும் போட்டேன், பட்டியல் கட்டத்தின் படத்தோடு பிரிட்டோரியாவில் அணைப் பாதுகாப்பைப் பார்க்கும் பிரிவுக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். மின்னஞ்சலில் புலம்பவில்லை. பட்டியலில் உள்ள அணை எண், சொந்தக்காரர் பெயர் தவறு, கீழே இத்தனை வீடு, ஏப்ரல் 12 அதிகாலை பலகை போனது, அவ்வளவுதான். முதல் வரைவில் இரண்டு பக்கம் அழுதிருந்தேன். மனைவி அதையெல்லாம் வெட்டிவிட்டாள். நவம்பரில் நகராட்சியிடமிருந்தே கடிதம் வந்தது, அணை தங்களுடையதுதான் என்று.

2023 ஜூனில் ஒரு பொறியாளர் வந்தார். இந்த வேலைக்கென்றே துறையின் ஒப்புதல் பெற்றவர்கள் தனியாக இருக்கிறார்கள். கூட வரலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். சுவரை அவர் அதிகம் பார்க்கவே இல்லை. மண்கரையின் அடிவாரத்தில்தான் இரண்டு மணி நேரம் குனிந்து நடந்தார். குளிர்காலத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக, கொழுத்து நின்றது. அங்கே செருப்பு அமுங்கியது. காலித் தண்ணீர் பாட்டிலில் கசிவைப் பிடித்து, காரின் பானெட்மேல் வைத்துவிட்டு டீ குடித்தார். கால் மணி நேரம் கழித்து பாட்டிலின் அடியைப் பார்த்தார். மண் படியவில்லை. தெளிந்த கசிவு பயமில்லை, எந்த அணையும் கொஞ்சம் வியர்க்கும். கலங்கல் வந்தால் கரை உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம், அன்றே போன் செய் என்றார். அடுத்து மரம். கரைமேல் வாட்டில் மரங்கள் தொடை பருமனுக்கு வளர்ந்திருந்தன, நீலகிரியில் பார்த்திருப்பீர்கள். வேர் அழுகினால் அதன் தடம் தண்ணீருக்குக் குழாய். வெட்டிவிட்டால் மட்டும் போதாது, பெரிய வேரைத் தோண்டி எடுத்து மண் இட்டு இறுக்க வேண்டுமாம். நம்மூரில் நண்டு வளைக்கு அப்பா பயப்படுவது ஞாபகம் வந்தது.

கடைசியாக அடிமதகு வால்வு. அதைத் திறக்கத் தெரிந்தவர் நகராட்சியில் யாருமில்லை. ஊரில் விசாரித்து, பழைய நாளில் அங்கே உதவியாளராக இருந்த ஜூலு பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், எல்லாரும் பாபா என்றுதான் கூப்பிடுகிறார்கள். துருப்பிடித்த சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாதம் ஒருமுறை கொஞ்சம் திறந்து மூடுவோம். இல்லாவிட்டால் சேறு உட்கார்ந்துவிடும்" என்றார். நான்கு பேர் தொங்கியும் அது அசையவில்லை.

அறிக்கை வந்தது. பலகைகளுக்கான இரும்புச் சட்டத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள், இப்போது தண்ணீர் ஒரு மீட்டர் தாழ்வாக நிற்கிறது. மரங்களில் பாதி போயிற்று. அபாய நிலையை "அதிகம்" என்று திருத்தப் பரிந்துரை போயிருக்கிறது. வால்வு இன்னும் டெண்டரில் இருக்கிறது. தெருவில் நாங்கள் நான்கு வீட்டார் முறை வைத்து மாதம் ஒருமுறை போகிறோம். அதே ஐந்து இடத்தில் நின்று அதே கோணத்தில் ஐந்து போட்டோ, கசிவில் ஒரு பாட்டில். தேதி எழுதிய பாட்டில்கள் என் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. மகள் அதை அப்பாவின் ஊறுகாய் என்கிறாள்.

போன மாதம் வீட்டை விற்பனைக்குப் போட்டோம். குறைகள் படிவத்தில், தண்ணீர் வந்த தேதி, 70 சென்டிமீட்டர் உயரம், மேலே அணை இருக்கிறது என்று மூன்றையும் நானே எழுதினேன். தரகர் முகம் சுளித்தார், ஒன்றரை லட்சம் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். முதலில் பார்க்க வந்த இளம் தம்பதியை நேராக அணைக்கே கூட்டிப்போய், பச்சைப் புல்லையும் துருச் சக்கரத்தையும் காட்டினேன். அந்தப் பையன் போனை எடுத்து ஏரியைப் படம் பிடித்தான், ரொம்ப அழகான இடம் என்றான். அப்புறம் அவர்கள் கூப்பிடவில்லை.